மிளகுக்கு நான் கார்டு போடவில்லை

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று கடையில் குளிப்பாட்ட வந்தது நாலு நாய், ஒரு பூனை. பூனை முழங்கையைக் கிழித்துவிட்டது. மருந்து போட்டுக்கொண்டு நிற்கும்போது தொப்பி உள்ளே வந்தான், கையில் மேஜரின் சங்கிலி. வீட்டுக்குள்ளேயும் சரி, வெளியிலேயும் சரி, அந்தத் தொப்பியைக் கழற்றவே மாட்டான், அதனால் எனக்கு அவன் தொப்பிதான். நாய்க்குட்டி, பூனைக்குட்டி விற்கிறவன். மேஜர் அவனுடைய ஏழு வயது ஆண் நாய். இந்த வட்டாரத்துக் குட்டிகளில் பாதிக்கு மேஜர்தான் அப்பன்.

என் நாய் மிளகு செத்துப்போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். அவன் வாய் கூசாமல் சொல்கிறான்: "எல்லாம் விதி அக்கா. மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. அடுத்த தடவை நல்ல குட்டியா ஒண்ணு நானே தர்றேன்."

விதியாம்ல! குட்டி தர்றானாம்ல! என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

மேஜரைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, காது துடைத்து அனுப்பினேன். என்னைத் தவிர வேறு யார் நகத்தைத் தொட்டாலும் மேஜர் கடிப்பான். அதனால்தான் தொப்பி இங்கே வருகிறான். என் மேல் பாசமெல்லாம் இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

எழுதாமல் இருந்தால் நெஞ்சு அடைக்கிறது. எழுதிவிடுகிறேன்.

மிளகுக்கு ஐந்து வயது. கறுப்பு, குட்டை வால், யார் செருப்பையும் விட்டு வைக்காத வாய். கால்நடை டாக்டரம்மா நாலு வருஷமாகச் சொன்னார்கள், கருப்பையை எடுத்துவிடுங்கள் என்று. தொப்பி சொன்னான்: "ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் அக்கா பொட்டைக்கு உடம்பு நல்லா இருக்கும். அதைப் பறிக்கிறது பாவம் இல்லையா?" நானும் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டினேன். டிசம்பரில் மேஜரோடு சேர்த்தோம். ஜனவரியில் வயிறு பெருத்தது. அவனே வந்து கை வைத்துப் பார்த்தான். "ஆறு குட்டி. எழுதி வெச்சுக்கோங்க." தினமும் ரெண்டு முட்டை கொடுத்தேன். பழைய போர்வையைக் கிழித்து மெத்தை தைத்தேன்.

ஜனவரி 11, சனிக்கிழமை, அவனிடம் சொன்னேன். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணி குடிக்கிறாள் தம்பி, முட்டையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள். அவன் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தான். அப்புறம் சிரித்தான். "மசக்கை அக்கா. டாக்டர்கிட்ட ஓடாதீங்க, ஊசி கீசி போட்டுக் குட்டியைக் கலைச்சுடுவாங்க."

20ஆம் தேதி, திங்கள் காலை, மிளகு எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி மேசையில் வயிற்றைத் திறந்தால் ஒரு குட்டிகூட இல்லை. கருப்பை முழுக்கச் சீழ். டாக்டரம்மாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்கள்: "கருப்பை இருந்தாத்தாம்மா இது வரும். சின்ன வயசுலயே எடுத்திருந்தா வந்திருக்கவே செய்யாது."

நான் சீழுக்கு முட்டை கொடுத்திருக்கேன். தினமும் ரெண்டு.

அதே தேதி, மறுபடியும்

இன்னொன்று. என் கடைக்கு வரும் ஒவ்வொரு பிராணிக்கும் கார்டு உண்டு. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் மூக்கிலிருந்து வால் வரைக்கும் கையை ஓட்டிப் பார்ப்பேன். கட்டி, உண்ணி, புண், வீக்கம் எது இருந்தாலும் கார்டில் எழுதி, அப்போதே வீட்டுக்காரர்களிடம் சொல்வேன். பதினேழு வருஷமாக இதுதான் என் வழக்கம். மிளகுக்கு நான் கார்டே போட்டதில்லை. வீட்டு நாய்தானே!

பிப்ரவரி 14, வெள்ளி

அவனை என்ன செய்யலாம்? தொப்பியைப் பிடுங்கி மேஜர் குளித்த தண்ணியில் முக்கி மறுபடியும் அவன் தலையில் வைக்கலாம். போதாது.

பிப்ரவரி 17, திங்கள்

கிடைத்துவிட்டது!

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, ஹெச்.எம். அம்மா, தன் கடுவன் பூனையைக் கொண்டுவந்தார். வீட்டில் சோபா, திரைச்சீலை, பள்ளிக்கூடத்துப் பரீட்சைப் பேப்பர் கட்டு எல்லாவற்றின் மேலும் மூத்திரம் அடிக்கிறதாம். "திருத்துன பேப்பரைப் பிள்ளைங்ககிட்ட எப்படிக் கொடுப்பேன் சொல்லுங்க" என்று அழாத குறை. தொப்பியிடம் யோசனை கேட்டிருக்கிறார். ஒரு பொட்டைப் பூனை வாங்கிச் சேர்த்து விடுங்கள் என்றானாம்! அவனுக்கு வியாபாரம், இவருக்கு வீடு முழுக்கக் குட்டி.

நான் சொன்னேன்: "நேரா டாக்டரம்மாகிட்டப் போங்க. கருத்தடை ஆபரேஷன், அரை மணி நேர வேலை. வீட்டை விட்டு ஓடாது, சண்டை போட்டுக் காதைக் கிழிச்சுக்காது, நாத்தமும் போயிடும்." அவர் முகம் மலர்ந்தது. அந்த நிமிஷம் எனக்குள்ளே ஒன்று குதித்தது. ஒரு பொட்டைப் பூனையைத் தொப்பி விற்க முடியாமல் செய்துவிட்டேன்.

அப்படியானால் எல்லாரிடமும் சொன்னால்?

இந்த ஊரில் மேஜருக்கு ஒரு ஜோடி மிஞ்சக் கூடாது. ஒண்ணுகூட.

பிப்ரவரி 18, செவ்வாய்

கதவில் அட்டை மாட்டினேன்: கருத்தடை ஆபரேஷன் செய்த நாய்க்கும் பூனைக்கும், தையல் பிரித்த பிறகு முதல் குளியல் இலவசம்.

இவர் லிப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து வந்து, பையை இறக்காமலே வாசித்தார். "திடீர்னு என்ன தர்ம சிந்தனை?"

"தர்மமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சு, என்னைத் தெரியாதா இவருக்கு.

பிப்ரவரி 22, சனி

ஒன்பது பேரிடம் பேசினேன். ஆறு பேர் சம்மதம். தையல்காரர் மட்டும் தன் ஆண் நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அவன் ஆம்பளைத்தனம் போயிடுமே" என்றார். நான் சொன்னேன், அவன் ஆம்பளைத்தனத்தால் போன மாசம் மூணு நாள் காணாமல் போய், காலில் லாரி இடித்து வந்தான், அதைத் தைத்தது நீங்களா டாக்டரா? அவர் ஊசியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். செவ்வாய்க்கிழமைக்குப் பதிவு செய்திருக்கிறார்.

பிப்ரவரி 26, புதன்

கடை வாசலில் அட்டைப்பெட்டி. ஐந்து பூனைக்குட்டிகள், கண் திறக்கவில்லை. சாயங்காலம் உயிரோடு இருந்தது ரெண்டு. இப்போது ஒன்று.

பிப்ரவரி 27, வியாழன்

அந்த ஒன்றும் இல்லை.

மார்ச் 3, திங்கள்

டாக்டரம்மா போன் செய்தார்கள். "என்ன மந்திரம் போடுறீங்க? வழக்கமா மாசத்துக்கு நாலு வரும். இப்போ பதினாறு! உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு."

நல்ல மனசா? டாக்டரம்மா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஒவ்வொரு பொட்டையும் மேசையை விட்டு இறங்கும்போது நான் தொப்பியோட முகத்தை நினைச்சுக்கிறேன். ஆனால் அந்தப் பதினாறில் இருக்கிற பொட்டை ஒருத்திக்கும் மிளகுக்கு வந்தது வராது. அது நிஜம். வஞ்சத்தில் செய்தாலும் நிஜம்தானே?

ஹெச்.எம். அம்மா பூனையின் தையல் பிரித்தாயிற்று. நாற்றம் இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம், குறைந்துகொண்டே வருகிறதாம். பரீட்சைப் பேப்பர் பத்திரம்.

மார்ச் 8, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

தொப்பி மேஜரை விட்டுவிட்டு வெளியே போன் பேசப் போனான். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் கையை ஓட்டினேன். கழுத்து, விலா, வயிறு, தொடை. விதைப்பையில் இடது பக்கம் ஒரு கட்டி. கோலிக்குண்டு அளவு, கல் மாதிரி. வலது பக்கம் சுருங்கிக் கிடக்கிறது. போன மாசம் இது இல்லை. நான் டாக்டர் இல்லைதான், ஆனால் பதினேழு வருஷத்துக் கை இது. இப்படி மூன்று நாய்களிடம் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் எடுத்த ரெண்டும் நன்றாக இருக்கின்றன. எடுக்காத ஒன்றுக்கு வயிற்றுக்குள் போய்விட்டது.

பேனாவை எடுத்தேன். தொப்பி உள்ளே வந்தான். "எப்படி இருக்கான் நம்ம மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை. டிசம்பரிலும் அப்படித்தான் சொன்னான். என் மிளகு பக்கத்தில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கான்" என்றேன். கார்டில் எழுதினேன்: எல்லாம் சரி.

மார்ச் 9, ஞாயிறு

சாகட்டும். அவன் நாயும் சாகட்டும். வயிறு வீங்கி, எழுந்திருக்க முடியாமல், அவன் கண் முன்னாலேயே. அப்போ தெரியும் விதின்னா என்னன்னு.

ஒரு வரியைக்கூட அடிக்கப் போவதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். இவர் பார்த்துவிட்டு, "என்ன, முகம் தெளிஞ்சிருக்கு" என்றார்.

மார்ச் 14, வெள்ளி

தொப்பிக்கு விஷயம் எட்டிவிட்டது. கடையில் மூன்று பேர் இருக்கும்போதே கத்தினான். "உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? பேசி முடிச்சிருந்த நாலு ஜோடியும் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்து நிக்குது. என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடுறீங்களே, அக்கான்னு கூப்பிட்டேனே!"

நான் ஒரு குட்டை நாய்க்கு முடி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஊதுகிற மிஷினை இன்னும் கொஞ்சம் வேகமாக்கினேன். அவன் வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. ஆஹா! அந்தக் காட்சிக்கு ஈடே கிடையாது.

கதவை அறைந்துவிட்டுப் போனான். இனிமேல் வர மாட்டான். வராவிட்டால் மேஜரின் கட்டியை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. அந்த நாய் யாரைத் தொட விடும்?

சரி. அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 18, செவ்வாய்

கத்தரிக்கோல் சாணை பிடிக்கப் போனேன். தொப்பி வீட்டுத் தெரு வழியாகத்தான் போகணும். மேஜர் வெளியே கம்பிக் கதவுக்குப் பின்னால் கட்டிக் கிடந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். பின்னங்காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து நடக்கிறான். சங்கிலி எட்டுகிற வரைக்கும் வந்து, முகத்தைக் கம்பிக்கு நடுவில் நுழைத்து, தாடையை என் உள்ளங்கையில் வைத்தான். முழுக் கனத்தையும் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

எந்தக் கையில் வைக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

இவன் என்ன பண்ணான்? இவனா மசக்கைன்னு சொன்னான்? இவனா விதின்னு சொன்னான்? என்ன ஜென்மம்டி நீ. ஒரு வாயில்லாத ஜீவனை வெச்சு ஆள் மேல வஞ்சம் தீர்த்துக்கிட்டு, சோத்தைத் தின்னுட்டுத் தூங்கியிருக்கே. த்தூ.

கத்தரிக்கோலைச் சாணைக்குக் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

போன் செய்தேன். கட்டி என்றேன், உடனே டாக்டரிடம் காட்டு, எடுத்தே ஆகணும் என்றேன். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டான். போன தடவை லேசாகச் சந்தேகம், அப்புறம் யோசித்துப் பார்த்தேன் என்று இழுத்தேன். பொய்.

அவன் சிரித்தான். "ஊர்ல இருக்கிற பொட்டையெல்லாம் முடிச்சாச்சு, இப்போ என் மேஜர்கிட்ட வந்துட்டீங்களா? உங்க நாய் செத்த கடுப்புல என் நாயை மலடாக்கப் பார்க்குறீங்க. நடக்காது."

வைத்துவிட்டான்.

மார்ச் 20, வியாழன்

மறுபடியும் போன். எடுக்கவில்லை. டாக்டரம்மாவை விட்டுப் பேசச் சொன்னேன். அவர்களிடமும், "அந்த அம்மா சொல்லிக் கொடுத்து நீங்க பேசுறீங்க" என்றானாம்.

நன்றாக இருக்கிறது. அவனைப் பழிவாங்க ஒரு மாசமாக ஊர் முழுக்கப் பேசினேன். இப்போது நான் நிஜத்தைச் சொன்னாலும் அது பழிதான். ஒரு நாயைக் காப்பாத்த எனக்கு இருந்தது என் வாய் ஒண்ணுதான். அதையும் நானே கெடுத்து வெச்சிருக்கேன்.

மார்ச் 21, வெள்ளி

இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். "அடிக்க வந்தான்னா நான் பிடிக்கிறேன், நீ அடிக்கப் போனாலும் நான்தான் பிடிக்கணும்" என்றார். அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது.

தொப்பி கதவைப் பாதிதான் திறந்தான். நான் செருப்பைக் கழற்றாமல், உட்காராமல், ஒரே மூச்சில் சொன்னேன்:

"தம்பி, நீ நினைக்கிறது சரிதான். ஊரெல்லாம் நான் பேசினது வஞ்சத்துலதான். உன் பொழப்பு கெடணும்னுதான் பேசினேன். ஆனா பேசினதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. இதுவும் பொய் இல்ல. என்னை நம்ப வேணாம். உன் கையை நம்பு."

மேஜர் கதவு இடுக்கில் நுழைந்து என்னிடம் வந்தான். நான் குனிந்து மேஜரைப் பிடித்துக்கொண்டேன். தொப்பி உட்கார்ந்தான். அவன் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். முதலில் வலது பக்கம், அப்புறம் இடது பக்கம். அவன் மறுபடியும் வலது, மறுபடியும் இடது என்று தானாகவே பார்த்தான்.

"எடுத்துட்டா பொழைச்சுக்குவானா?"

"எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பொழைச்சிருக்கு."

ஏழு வருஷமாக ஊருக்கெல்லாம் குட்டியைப் பற்றிப் பாடம் நடத்தியவன். சொந்த நாயை ஒரு தடவை தடவிப் பார்த்ததில்லை. நான் மட்டும் என்னவாம்.

மார்ச் 26, புதன்

ஆபரேஷன் முடிந்தது. ரெண்டு விதையையும் எடுத்தாயிற்று.

மயக்க ஊசி போட மேஜர் யாரையும் விடவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். நான்தான் பிடித்தேன். முடியையும் நானே மழித்தேன். தொப்பி சுவரோரமாக நின்றான், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு. வழுக்கை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நல்ல அடர்த்தியான முடி.

அவன் மாப்பிள்ளைக்கு என் கையாலேயே மழித்து அனுப்பியிருக்கிறேன். இதைவிட என்ன பழி வேண்டும்? சந்தோஷமே இல்லை என்று எழுதினால் அது பொய். ஒரு அரை நிமிஷம் இருந்தது. அப்புறம் மேஜரின் நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கியதைப் பார்த்தேன். போய்விட்டது.

ஏப்ரல் 5, சனி

தையல் பிரித்தார்கள். பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. கட்டி அந்த இடத்தோடு நின்றிருக்கிறது, பரவவில்லை. டாக்டரம்மா சொன்னார்கள்: "இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா என்னன்னு சொல்லத் தெரியலை. குட்டியிலேயே பண்ணியிருந்தா இந்தக் கட்டிக்கு இடமே இருந்திருக்காது."

தொப்பி குட்டி வியாபாரத்தை விட்டுவிட்டானாம். நாய்க்கூண்டு செய்கிற பட்டறையில் சேர்ந்திருக்கிறானாம். அவன் சொன்னபோது என் வயிற்றில் பாலும் வார்க்கவில்லை, எரியவும் இல்லை.

ஏப்ரல் 12, சனி

மேஜருக்குக் குளியல். அட்டையில் போட்டபடி இலவசம். குளிப்பாட்டி முடித்துத் துடைக்கும்போது தொப்பி கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். சொல்லாம என்னால இருக்க முடியல."

சொல்லு என்றேன்.

"மிளகு தண்ணியா குடிக்குதுன்னு அன்னிக்குச் சொன்னீங்கல்ல. எனக்கு அப்பவே சந்தேகம் வந்துச்சு. என்கிட்ட முன்னால ஒரு பொட்டை இருந்துச்சு. அதுவும் அப்படித்தான் குடிச்சுது. அப்படித்தான் போச்சு. டாக்டர்கிட்டப் போனீங்கன்னா மேஜரோட சேர்த்ததாலதான்னு பேச்சு வரும், பேர் கெட்டுடும்னு பயந்துட்டேன். குட்டியாவே இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

தெரிஞ்சிருக்கு. பாவி, தெரிஞ்சிருக்கு! அந்த ஒரு நிமிஷம் பேசாம நின்னானே, அப்பவே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் சிரிச்சான். நான் முட்டையை உரிச்சு உரிச்சுக் கொடுத்துக்கிட்டு இருந்தேன், இவன் தெருவுல பார்த்துட்டு, எப்படி அக்கா இருக்கா மிளகுன்னு கேட்டுட்டுப் போனான்.

ஈரத் துண்டை அவன் மூஞ்சியில் எறிந்தேன். "எந்திரி. வெளிய போ." மேஜர் பயந்து என் காலுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டான். அவனுடைய ஆளிடம் போகவில்லை. அதைப் பார்த்துத்தான் தொப்பி அழுதான் என்று நினைக்கிறேன்.

இவரிடம் சொன்னேன். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "போலீஸ்ல இதுக்கெல்லாம் சட்டம் இல்லையே" என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

விடுமுறை. கடையைத் திறந்துகொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். அவனை என்ன செய்யலாம் என்று மறுபடியும் ஆரம்பித்தேன். எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்று எண்ணினேன், முகத்துக்கு நேரே கேட்பதற்காக. ஜனவரி 11, சனிக்கிழமை சொன்னேன். 20ஆம் தேதி, திங்கள், மிளகு போனாள். ஒன்பது நாள்.

மேஜரின் கார்டு மேசையிலேயே இருந்தது. மார்ச் 8, எல்லாம் சரி. என் கையெழுத்து. போன் செய்தது 19.

பதினொன்று. விரல் விட்டு மறுபடியும் எண்ணினேன். பதினொன்றுதான்.

அவனுக்குச் சந்தேகம்தான் இருந்தது. எனக்கு நிச்சயமாகவே தெரியும்.

சாயங்காலம் அவனுக்குப் போன் செய்தேன். எடுத்தான். அவன் வீட்டில் இருக்கிற ரெண்டு பொட்டை நாய்க்கும் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டரம்மா சொன்னார்களே, பிடிக்க ஆள் இருக்கா என்று கேட்டேன். இல்லை அக்கா என்றான். நான் வர்றேன், அதுக்கு முன்னால என்கிட்டயும் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு, வீட்டுல இரு, இப்பவே வர்றேன் என்றேன்.

கார்டை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். இவர் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.